காது வரை உயர்ந்த கை

கடலூர் முதுநகரில் என் துணிக்கடை ஷட்டரைத் தூக்கும்போதுதான் வலது தோள் முதன்முதலில் கழன்றது. பிறகு சட்டை மாட்டினாலே நழுவும். கடைசியில் பள்ளிவாசலில், தொழுகையைத் தொடங்கத் தக்பீர் சொல்லிக் கைகளைக் காது வரை உயர்த்தும்போது நழுவியது. பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தொழுகையில் வலக்கையை உயர்த்தவே பயம்.

சிதம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். எப்போதெல்லாம் நழுவுகிறது என்று கேட்டார். ஷட்டரைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன். தொழுகையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அல்லாஹ்வின் முன் நிற்பதைப் போய் நோய்க்கணக்கில் சேர்ப்பதா?

"தொழுவுறப்ப கழண்டுச்சே, அத ஏங்க முழுங்குறீங்க?" என்றாள் மனைவி.

கூட வந்த அவள் தம்பி விடவில்லை. "சொல்லுங்க மச்சான். ஷட்டர் தூக்க நான் இருக்கேன். தக்பீருக்கு யாரு வந்து உங்க கைய தூக்கிவுடுறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தொழுகை மேல ஒரு குத்தமும் இல்ல பாய். எப்டித் தூக்குவீங்க, காட்டுங்க."

இடக்கையால் காட்டினேன். உள்ளங்கை முன்னால் பார்க்க, கட்டைவிரல் காதுமடலருகே.

"இப்டி விரிச்சுத் தூக்குறப்பதான் ஜாஸ்தி நழுவும்" என்று ஒரு பிளாஸ்டிக் தோளை எடுத்தார். கிண்ணம் போன்ற எலும்பின் விளிம்பில் சவ்வு பிய்ந்திருக்கிறதாம். சிறு துளை வழியே கேமரா விட்டு, நூல் கோத்த குட்டி ஆணிகளை அந்த விளிம்பில் இறக்கி, சவ்வை இழுத்துக் கட்டுவார்களாம். அந்த ஆணிக்கு ஆங்கர் என்று பெயர்.

"சரியா விளிம்புல உக்காரணும். உள்ள தள்ளிப் போச்சுன்னா சவ்வு தடுப்பா நிக்காது, மறுபடி நழுவும். மேல ஏறுச்சுன்னா வழவழப்பான எடத்த உரசிடும். அடியில வெக்கிற ஆணிதான் இருக்கறதுலயே கஷ்டம்."

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் வந்தார். "ஆங்கரெல்லாம் நெனச்ச எடத்துலயே உக்காந்துச்சு. நீங்க மயக்கத்துல இருக்கறப்பவே, அன்னிக்குக் காட்டுனீங்களே, அதே மாதிரி கைய மெதுவா காதுகிட்ட கொண்டுபோய்ப் பாத்தேன் பாய். அசையல."

எனக்கே தெரியாமல் என் கையைக் காது வரை உயர்த்திப் பார்த்திருக்கிறார், எங்கள் தொழுகை தெரியாத ஒரு மனிதர்.

கைக்குக் கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுதேன். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. டாக்டர் சரி என்றதும் பள்ளிக்குப் போய் வரிசையில் நின்றேன். அல்லாஹு அக்பர். இரண்டு கைகளும் சேர்ந்தே காதைத் தொட்டன. அல்ஹம்துலில்லாஹ். தொழுது முடித்ததும் அந்த டாக்டருடைய கைகளுக்காகத்தான் முதலில் துஆ கேட்டேன்.

பக்கத்திலிருந்த மச்சினன் காதோரம் குனிந்தான். "நாளையிலேர்ந்து ஷட்டர நீங்களே தூக்கிக்குங்க மச்சான்."