மாத்திரையைக் கடித்துத் தின்னச் சொன்ன மாப்பிள்ளை

எனக்கு நல்ல கொழுப்பு கம்மி. தினமும் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றுகிறேன், வடையைக்கூட விட்டுவிட்டேன். டாக்டர் கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரையும் சாப்பிடுகிறேன். எச்டிஎல் முப்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

தங்கை கணவர் காடாம்புலியூரில் முந்திரி வியாபாரி. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில், எல்லோர் காதிலும் விழும்படி எனக்கு வைத்தியம் சொன்னார்.

"எங்க முந்திரியத் தின்னுங்க மச்சான், தானா ஏறும். அந்த மீன் எண்ணெ மாத்திரைய முழுங்கக் கூடாது, கடிச்சுத் தின்னணும்."

மறுநாள் நம்பிக் கடித்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். வழி முழுக்க மீன் ஏப்பம். பக்கத்து சீட்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டே வந்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை மாப்பிள்ளையே போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் டெஸ்ட் எடுத்தாங்க மச்சான். உங்களவிட கம்மியா இருக்கு. அதே மாத்திரதான் குடுத்திருக்காங்க. நீங்க கடிச்சுதான தின்னீங்க?"

"ஆமா மாப்ள. நல்லா மென்னு தின்னுங்க."

இப்போது அவர் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சிதம்பரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். நண்பர்கள் யாராவது அதே பஸ்ஸில் இருந்தால், அவர் பக்கத்து சீட் காலியா என்று மட்டும் பார்த்துச் சொல்லவும்.