ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிய இரண்டு புள்ளிகள்

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

டிரைவர்கள் எல்லார் கைக்கும் செல்போன் வந்துவிட்ட சமயம் அது. எங்கள் லாரி கம்பெனி கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஓர் அறை பிடித்து, ஏசி போட்டு, நாலு கம்ப்யூட்டரை வைத்தது. ஒவ்வொரு லாரியிலும் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. திரையில் ஒவ்வொரு லாரியும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை. அரை மணிக்கு மேல் நின்றால் சிவப்பு, கூடவே அலறல். அலறினால் பெங்காலி மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தட்டுவார்.

"தாதா, லால்! லால்!" அண்ணே, சிவப்பு, சிவப்பு என்று.

உடனே நான் டிரைவருக்குப் போன் போட்டு விரட்ட வேண்டும். சென்னைத் தடத்து டிரைவர்களைத் தமிழில் திட்ட ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டி வந்ததும் கிளீனர்களை நிறுத்தினார்கள். பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே, இன்னோர் ஆள் எதற்கு என்றார்கள். சென்னையிலிருந்து கல்கத்தாவரை ஒருத்தரே ஓட்டினார்.

நாமக்கல்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். ஒருநாள் விரட்டியபோது சொன்னார்: "பொட்டிக்குத் தூக்கம் வராதுங்க சார். எனக்கு வருமுங்க. ஏசில உக்காந்து புள்ளி எண்ணுறவருக்கு இது எங்க புரியப்போவுது?"

"நான் என்னய்யா பண்றது? அது கத்துது."

"கத்தாம இருக்க நாங்க ஒரு வழி வெச்சிருக்கோமுங்க" என்று சிரித்தார்.

அந்த வழி எனக்குத் தெரியும். கம்பெனி வாங்கியது மலிவான பெட்டி. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், உள்ளேயே பேட்டரி. தூக்கம் தாங்காதவர் தன் பெட்டியைப் பிடுங்கி, கூட வரும் எங்கள் கம்பெனி லாரி இன்னொன்றில் கொடுத்தனுப்பிவிடுவார். பெட்டி பச்சையாக ஓடும். அவர் தூங்கி எழுந்து, கல்கத்தாவுக்கு வெளியே இருக்கும் கம்பெனிக் கிடங்கில் போய் வாங்கிக்கொள்வார். திரையில் இரண்டு புள்ளிகள் மணிக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். சாலையில் எந்த இரண்டு லாரியும் அப்படி ஓடாது. பார்ப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் அவர்கள் வேலை போய்விடும்.

பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு நாமக்கல்காரரின் மனைவி ஆபீசுக்குப் போன் செய்தார்.

"சாருங்களா? அவரு போனே எடுக்க மாட்டேங்குறாருங்க. நெஞ்சு கரிக்குதுன்னு வெடியால சொன்னாருங்க. வண்டி எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

திரையைப் பார்த்தேன். ஒரிசாவில் பாலேஸ்வரத்தைத் தாண்டி இரண்டு பச்சைப் புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்று. மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். இரண்டாவது லாரி டிரைவருக்குப் போன் போட்டு, "அவர் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் குட்டு உடையும். மனுஷன் எங்கேயோ அசந்து தூங்குகிறார், பாவம், வேலையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பெரிய தயாளன் நான்.

"வண்டி ஓடிட்டுதாம்மா இருக்கு. ஓட்டும்போது எப்படி எடுப்பாரு?"

"அப்படிங்களா" என்றார். குரலில் உயிர் வந்தது. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

மத்தியானம் மறுபடி கேட்டார். மறுபடி ஓடுது என்றேன். சாயங்காலம் இரண்டு புள்ளிகளும் கிடங்குக்குள் நுழைந்தன. இரண்டாவது லாரி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணன் டாபா கிட்ட படுத்திருக்காரு சார். ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்னாரே, இன்னும் வரலியா?"

அவரிடம் நம்பர் வாங்கி டாபாவுக்குப் பேசினேன்; டாபாக்காரர்கள் போய் லாரிக் கதவைத் திறந்து பார்த்தார்கள். ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். உடம்பு விறைத்திருந்தது. காலையில் தேடியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அவர் மனைவி ஒன்றுதான் கேட்டார். "ஓடுதுன்னு சொன்னீங்களே சார்?"

ஒரு வாரத்தில் புதுப் பெட்டிகள் வந்தன. போல்ட் போட்டு முறுக்கினார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு சென்சார் வைத்தார்கள். டிரைவர் இறங்கினால் தெரியும், பெட்டியைக் கழற்றினால் அலறும். அரை மணியை மட்டும் யாரும் தொடவில்லை. கிளீனர்களும் திரும்பி வரவில்லை.

ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே சீட்டில் சாய்ந்தால் அது அலறாது. ஆள் இருக்கிறார் என்றுதான் காட்டும். அரை மணி கழித்து வண்டி நிற்கிறது என்று அலறும். அப்போதும் நான்தான் போன் போட்டு, ஏன்யா நிக்கிற என்று கேட்பேன்.