இருளப்பனின் இரண்டாம் கரண்டி

"இந்தக் குசினியில நான் இருக்கிற வரைக்கும் ஒருத்தரோட சோத்துக் கோப்பையும் என் கண்ணு முன்னால காலியாக் கெடக்காது. மொதலாளியா இருந்தாலும் சரி, துணிக்கட்டு தூக்குறவனா இருந்தாலும் சரி."

கண்டி நகரில், சந்தைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் ஒரு புடவைக் கடையின் பின்கட்டு அடுப்படியில், கையில் கரண்டியோடு நின்று இருளப்பன் இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விற்பனைப் பெண்கள் சிலரும் ஒரு பூனையும். மலைநாட்டில் இதைவிடப் பெரிய பிரகடனங்கள் எல்லாம் ஒரு மழைக்குத் தாங்காமல் போயிருக்கின்றன. இருளப்பனுடையது மட்டும் பல வருடம் அசையாமல் நின்றது.

அவர் அந்தக் கடைக்கு வந்தது சமைக்க அல்ல, துணிக்கட்டுத் தூக்க. ஒருநாள் படியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இடுப்பு சரியாகும்வரை அடுப்படியில் இருக்கட்டும் என்று முதலாளி அனுப்பிவைத்தார். இடுப்பு எப்போதோ சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் கடையில் இருந்தவர்கள் அவருடைய பருப்பைச் சாப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவரைத் துணிக்கட்டுப் பக்கம் போக யாரும் விடவில்லை.

அந்தக் குசினிக்கு ஒரு வழக்கம் உண்டு. பானையை இருளப்பனைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. முதல் கரண்டியை வரிசைப்படி போடுவார். இரண்டாவது கரண்டிக்கு வரிசையும் கிடையாது, அனுமதியும் கிடையாது. "போதும்" என்ற சொல் அவருக்குத் தெரியாத மொழி. கோப்பை என்று அங்கே சொல்கிற தட்டைக் கையால் மூடிக்கொள்பவர்களும் உண்டு. அவர் பொறுமையாக நிற்பார். மூக்கைச் சொறிய அந்தக் கை எழும்பும் நேரம் பார்த்துச் சோறு விழுந்துவிடும்.

கோழி வாங்கும் பொறுப்பு மடவளையிலிருந்து வரும் சேல்ஸ்மேன் ஃபாஸிலுக்கு. ஹலால் கடையில் அவன் வாங்கி வந்தால்தான் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிடலாம். முதலாளி ஜனார்த்தனனும் அதே பானையில்தான் சாப்பிடுவார். குசினி வாசலில் அவர் உட்காரவென்று ஒரு கதிரை. சாப்பிட்டு முடித்ததும் கோப்பையை ஒரு விரற்கடை முன்னால் நீட்டுவார். வாய் திறந்து கேட்பதில்லை. இரண்டாம் கரண்டி வந்துவிடும். "நம்ம கடையில எல்லாருக்கும் ஒரே பானை" என்று கோயில் கமிட்டியில் அவர் சொல்லாத கூட்டம் இல்லை.

இப்படிச் சோறும் சமத்துவமும் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டும் பேச்சு வந்தது. கண்டி முழுக்க விவாதம். சம்பளமே வாங்காத ஆட்டோக்காரர்கள்தான் அதிகம் சூடானார்கள். சம்பளத்தைக் கூட்டினால் சாமான் விலை ஏறிவிடும் என்று ரேடியோவில் ஒருவர் எச்சரித்தார். சாமான் விலை அந்த எச்சரிக்கைக்குக் காத்திராமல் முன்னாலேயே ஏறிப் போய்விட்டதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருளப்பன் ரேடியோவைச் சத்தம் குறைத்துவிட்டு வெங்காயம் அரிந்தார். அரசாங்கத்தின் விவகாரம் அடுப்படிக்கு வராது என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் காலை, கடை திறக்கும் முன் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"சட்டத்துக்கு நான் எதிரி இல்ல," என்று ஆரம்பித்தார். "கூட்டச் சொன்னா கூட்டித்தான் ஆகணும். ஆனா ஒரு சந்தோசமான விசயம். அந்தக் கூடுன சம்பளத்த நீங்க ஏற்கனவே வாங்கிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

"எதுலங்க மொதலாளி?" என்று கேட்டாள் சேலைப் பகுதி பிரேமிளா.

"வயித்துல."

ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலாளி விளக்கினார். பகல் சோறு, காலை மாலை தேத்தண்ணி. இதற்கெல்லாம் வெளியில் என்ன விலை? அந்த விலையைச் சம்பளத்தோடு சேர்த்துப் பார்த்தால் சட்டம் சொல்லும் அளவு தாராளமாக வந்துவிடுகிறது. கணக்குப் பார்க்கிறவரே சொல்லிவிட்டார்.

கல்லாவில் இருக்கும் ஜஹானா மெதுவாகக் கை தூக்கினாள். மூன்று பிள்ளைகளின் டியூஷன் அவளுடைய சம்பளத்தில்தான் நடந்தது.

"அப்ப மொதலாளி, நோன்பு மாசத்துல நாங்க பகல்ல சாப்புடுறல்லயே. அந்த மாசம் மட்டும் சோத்துச் சல்லிய கையில காசாத் தருவீங்களா?"

"அது... அதப் பொறவு பாப்போம்."

"நான் வெள்ளிக்கிழம வெரதங்க," என்றாள் பிரேமிளா.

"எனக்கு வாயில புண்ணு, ஒரு கெழமையா," என்றான் ஃபாஸில்.

முதலாளி கடைக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. நாளையிலிருந்து யாரும் கடைச் சோறு சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவது. சாப்பிடாத சோற்றைச் சம்பளத்தில் எப்படி எழுதுவார் என்று பார்ப்பது. ஜஹானாதான் இதை இருளப்பனிடம் சொல்ல வந்தாள்.

"அண்ணே, கோவிக்க வாணாம். இது ஒங்கட சோத்தோட உள்ள சண்டை இல்ல."

"எஞ்சோத்தோட இல்லன்னா யாரு சோத்தோட?" என்றார் இருளப்பன். "கடையில வேற பானை இருக்கா?"

அவருக்கு உண்மையிலேயே வலித்தது. சம்பள விவாதம், சட்டம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பருப்பைப் பகிஷ்கரிப்பதாவது? போதாததற்கு முதலாளியும் குசினிக்கு வந்துவிட்டுப் போனார்.

"அவங்க சாப்பிடலன்னா குசினி எதுக்கு, இருளப்பன்? குசினி இல்லன்னா ஒங்களுக்கு இங்க என்னா வேல? நாளைக்குக் கொஞ்சம் நல்லா சமைச்சுப் பாருங்க."

இந்த வயதில், இந்த இடுப்போடு, மறுபடி துணிக்கட்டா? வீட்டுக்குப் போகும் வத்தேகம பஸ்ஸில் நின்றுகொண்டே போன இருளப்பன், மறுநாளுக்கான போர்த்திட்டத்தை வகுத்தார்.

வரலாற்றில் கோட்டைகளைப் பட்டினி போட்டுப் பிடித்திருக்கிறார்கள். சமைத்துப் பிடிக்க முயன்றவர் இருளப்பன் ஒருவர்தான். கருவாட்டை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்தார். பிஞ்சுப் பிலாக்காயைக் கறுப்பாகச் சுண்ட வைத்தார். பப்படத்தை வேண்டுமென்றே கடைசியில் பொரித்தார், சத்தம் மேலே கேட்கவேண்டும் என்று. வாசனை மாடிப்படி ஏறி, வேட்டிப் பகுதியைக் கடந்து, குழந்தை உடுப்புகளுக்குள் புகுந்தது. துணி வாங்க வந்த ஒரு சிங்கள அம்மையார் இங்கே சாப்பாடும் விற்கிறீர்களா என்று விசாரித்தார்.

பார்சல்களோடு படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது நியாயமில்ல அண்ணே," என்று மேலிருந்து ஃபாஸிலின் குரல் வந்தது.

"நான் என்னா செஞ்சேன்? சமைச்சேன்."

சற்று நேரத்தில் ஃபாஸில் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தான். தண்ணீர்க் குழாய் வாசலுக்கு வலப்பக்கம் இருக்க, அவன் இடப்பக்கம் பானையருகே வந்து நின்றான். வாய்ப்புண் ஆறிவிட்டது போலிருந்தது. இருளப்பன் ஒரு கோப்பையை எடுத்தார். போர் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் முதலாளி ஒரு தராசோடு உள்ளே வந்தார். சின்னத் தராசு, அன்று காலையில் வாங்கியது.

"வெல போட்ட சாமானுக்கு அளவு வேணும்ல," என்று அதை மேசையில் வைத்தார். "ஒரு கோப்பைக்கு இவ்வளவுதான். இந்தா, இந்தக் கோட்டுக்கு மேல முள்ளு போகக்கூடாது. ரெண்டாந்தரம் போடுறத இன்னையோட நிப்பாட்டுங்க. போட்டா அதையும் அவங்க கணக்குலதான் எழுதணும்."

ஃபாஸில் தண்ணீர் குடிக்காமலேயே மேலே போய்விட்டான்.

இருளப்பன் தராசைப் பார்த்தார். ரேடியோவில் மாதக்கணக்காகப் பேசியும் அவர் காதில் ஏறாத விவாதம், அந்த முள்ளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இனி அவர் போடும் ஒவ்வொரு கரண்டியும் ஜஹானாவின் பிள்ளைகளுடைய டியூஷனில் இருந்து வரும். கேட்காமல் போட்ட இரண்டாம் கரண்டி, கேட்காமல் எடுத்த சம்பளமாகிவிடும். ஊரைச் சாப்பிட வைத்த கை, ஊரின் சட்டைப்பையில் நுழையும் கையாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவி புஷ்பத்திடம் சொன்னார். புஷ்பம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நிறுவையைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

"எங்க கொழுந்த நிறுக்கிறாங்க, கொறச்சு எழுதுறாங்க. ஒங்க சோத்த நிறுக்கிறாங்க, கூட்டி எழுதுறாங்க," என்றாள். "தராசு மட்டும் எப்பவும் அவங்க கையில. நாளைக்கு நான் ரொட்டி சுட்டுத் தாரேன்."

"எனக்கா? நான் சமையக்காரன்டி."

"ஒங்க சம்பளத்துலயுந்தான சோத்தக் கழிக்கிறாரு?"

இதை இருளப்பன் யோசித்திருக்கவில்லை. தான் சமைத்த சோற்றைத் தானே விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிற மனிதராகத் தன்னை எண்ணிப் பார்த்தார். இரவு முழுக்க அவருக்கு அது செரிக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போலச் சமைத்தார். பானை நிறையச் சோறு, பருப்பு, ஒரு தேங்காய்ச் சம்பல். ஒரு குறையும் வைக்கவில்லை. பகல் வந்ததும் முதலாளி கதிரையில் அமர்ந்தார். இருளப்பன் சோற்றைத் தராசில் நிறுத்தார். முள் கோட்டில் நின்றது. ஒரு பருக்கையை எடுத்துப் பானையில் திரும்பப் போட்டுவிட்டு, கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு கையைக் கழுவி, அலுமாரி மேலிருந்து தன் பார்சலை எடுத்துக்கொண்டு, கதிரைக்கு நேர் எதிரே படியில் ஜஹானாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜஹானா நகர்ந்து இடம் விட்டாள்.

முதலாளியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"என்ன இருளப்பன், நீங்களுமா?"

"ஆமாங்க."

"சோத்துல ஏதும் கொறையா?"

"சோறு நல்லாருக்குங்க. வெலதான் எனக்குக் கட்டுப்படியாகல."

படியில் யாரோ இருமினார்கள். முதலாளி குரலை உயர்த்தினார்.

"குசினிய மூடிருவேன், தெரியுமா?"

"மூடுங்க மொதலாளி," என்றார் இருளப்பன், பார்சல் முடிச்சை அவிழ்த்தபடி. "மூடுனா பொறவு சோத்தக் கணக்குல காட்ட ஏலாதே. எல்லாருக்கும் சல்லியாத்தான குடுக்கணும்."

முதலாளி பதில் சொல்லத் தொடங்கி, அந்தப் பதிலைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். கணக்குப் பார்க்கிறவர் இந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போலும்.

முதலாளி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நிறுத்த சோறு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பழக்கம் விடுமா, கோப்பை தானாகவே ஒரு விரற்கடை முன்னால் நீண்டது.

இருளப்பன் அதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய வலது கை முழங்காலிலிருந்து சற்று எழும்பியது. எழும்பிய கையால் புஷ்பம் கட்டித் தந்த ரொட்டியைப் பிட்டு, அதோடு வைத்திருந்த சம்பலைத் தொட்டு, பாதியை ஃபாஸிலிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டு மென்றார். எதிரே வெள்ளைக் கோப்பை நீண்டபடியே இருந்தது. அவர் எழும்பவில்லை.