கிணற்றுச் சுவரில் சிக்கிய வலை

காலை ஆறு பத்து. வைகை அணையில் முதலில் கண்ணில் பட்டது, பரிசலில் எனக்காகக் காத்திருந்த மீனவரும் அவர் மனைவியும்தான். கார்த்திகைப் பனி விலகவில்லை. பத்திரிகைக்குக் கடலடியில் படமெடுக்க ஒரு காலத்தில் டைவிங் கற்றிருந்தேன். அது தெரிந்து கூப்பிட்டிருந்தார்கள்.

அணைக்குள் மூழ்கிய பழைய தோட்டக் கிணற்றின் சுவரில் மீன் அடையும் என்று, முந்தின மாலை அவர் தன் புது வலையை அங்கே கட்டியிருந்தார். மிதப்புக்குப் பிளாஸ்டிக் பாட்டில்கள். கயிற்றை அன்றைய நீர்மட்டத்துக்கு அளந்து விட்டிருந்தார். மலையில் பெய்த மழையில் நீர் ஏறியதும் பாட்டில்கள் தண்ணீருக்குள் போய்விட்டன; மேலிருந்து வலையை இழுக்கப் பிடி இல்லை. வீட்டில் வேறு வலை இல்லை.

“தண்ணி ஏறும்னு சொன்னேன். இவுக கேட்டாகளா?” என்றார் மனைவி.

“நீதான் அணைக்கு இன்ஜினியராச்சே” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, கத்தி வச்சிராதீக. அவுத்தே கொண்டாந்துருங்க.”

சிலிண்டரோடு இறங்கினேன். ஐம்பது வயதுக்கு மேல் குளிர்ந்த நீர் முழங்காலைத்தான் முதலில் பிடிக்கிறது. கலங்கலில் கைநீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சுவர் தட்டுப்பட்டது. அதை ஒட்டி நின்ற ஜிலேபி மீன்கள் என்னைக் கண்டு விலகவில்லை. வலை கற்களில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. ஒரு முனையின் முடிச்சை அவிழ்த்தேன். மறுமுனைக்குப் போவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் முள் சிவப்புக்கு வந்திருந்தது. கொண்டுவந்தது ஒரே சிலிண்டர். கத்தியை எடுத்தேன்.

பரிசலுக்கு வந்தது பாதி வலை. கிணற்றில் நின்றுவிட்ட மீதியில், நான் அறுக்கும்போது, மூன்று கெண்டைகள் உயிரோடு இருந்தன.