கலீலுக்கு வந்த கூட்டம்

போன திங்கட்கிழமை கல்முனை நீதவான் கோட்டில் எனக்குப் பொறாமை வந்தது. கோட்டுக்கு வருகிறவன் மேல் யாருக்காவது பொறாமை வருமா என்று கேட்கிறீர்களா? எனக்கு வந்ததே!

என் குற்றம் சின்னது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓடினேன். பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன், குற்றவாளிதான் என்றேன். எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் காணி வழக்குக்காக வந்திருந்தார். என்னைக் கண்டதும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதுவும் தலைகீழாக! இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே ஆசிரியர் சங்கம்.

அடுத்த வழக்கு ஹயர் கார் ஓடும் கலீலுடையது. அவருக்குத் துணையாக யார் வந்தார்கள்? சந்தியில் கார் நிறுத்தி ஓடுகிற றைவர்மார் அத்தனை பேரும்! அன்று ஸ்டாண்டில் ஒரு கார் கிடையாது. வாசலில் ஒருவர் கலீலுக்குச் சோடா உடைத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் சால்வையால் விசிறுகிறார்... எனக்கு வயிறு பற்றியே எரிந்தது.

கலீல் செய்தது என்ன? மாரிக் காலத்தில் ஒரு நாள் வேகமாக ஓட்டிப்போய் மாட்டு வண்டியொன்றில் மோதிவிட்டார். விறகு ஏற்றி வந்த இறக்காமத்து மீராலெவ்வைக் காக்காவுக்குக் கால் முறிந்தது. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பொலிஸ் வழக்குப் போட்டது. கலீல் தரப்பு சொன்னது ஒன்றே ஒன்றுதான் — வண்டிக்காரன் தூங்கிவிட்டான். மாடு தன்பாட்டில் குறுக்கே வந்தது.

முறிந்த கால் ஒருவாறு பொருந்திவிட்டது. ஆனால் தூங்குகிற வண்டிக்காரன் என்று பெயரெடுத்தவரிடம் வயல் வைத்திருக்கிற எந்தப் போடியார் நெல் ஏற்றக் கொடுப்பார்? வேளாண்மை வெட்டு தொடங்குகிற நேரம் வேறு. தான் விழித்திருந்ததை ஊர் நம்பவேண்டும் — காக்காவுக்கு அன்று வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கலீலுக்குச் சாட்சி சொல்ல றைவர் இஸ்மாயில் கூட்டில் ஏறினார். சம்பவத்தன்று பின்னால் கார் ஓட்டி வந்தவர் அவர்.

“கண்டன் ஐயா. வண்டிக்காரர் தூங்கித் தூங்கி விழுந்தார்.”

“மோதின பிறகு நீர் ஏன் இறங்கித் தூக்கவில்லை?” என்று பொலிஸ் சார்ஜன் கேட்டார்.

“எப்பிடி ஐயா இறங்குற? ஒரே புழுதி! கண்ண முழிக்க ஏலாது.”

காக்கா வாங்கிலிருந்து துள்ளி எழுந்தார். “புழுதியா? யா அல்லாஹ்! அண்டைக்கு அடை மழ ஐயா! நான் சாக்கத் தலையில போட்டுட்டு வந்தன்!”

கோடை வெயிலில், ஸ்டாண்டுப் புழுதியில் குந்தியிருந்து எல்லோருமாகச் சோடித்த கதை அது. சம்பவம் நடந்தது மாரியில் என்பதை அத்தனை பேரில் ஒருவராவது நினைக்கவில்லை! நீதவானே சிரித்துவிட்டார். கலீலுக்குத் தண்டம்.

சரி... சட்டத்தை மீறியவனை அவன் தொழிற்கூட்டம் காப்பாற்றலாமா? கோட்டுக்குத் துணையாக வரட்டும். வாதாட நல்ல புறக்டராகப் பிடித்துக் கொடுக்கட்டும். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார்க்கட்டும். அதற்குத்தானே கூட்டம்? ஆனால் கால் முறிந்தவரையே குற்றவாளி ஆக்குவதா? அது அநியாயம் அல்லவா? இப்படியெல்லாம் நியாயமாகத்தான் யோசித்தேன். பொறாமைக்குத்தான் நியாயம் ஏறவில்லை.

வெளியே வந்தால் தோற்றவருக்கு மாப்பிள்ளை மரியாதை! தண்டத்தைக் கூட்டாகவே கட்டிவிட்டார்கள். கலீலை முன் காரில் ஏற்றி, ஹோர்ண் அடித்தபடி வரிசையாகக் கடைத்தெருவால் போனார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை கார் வரவில்லை. இஸ்மாயிலும் ஒரு காரில் சிரித்துக்கொண்டே போனார். பொய் சொல்லிப் பிடிபட்டவரையும் விட்டுவிட்டுப் போகாத கூட்டம்... எனக்கு வாய்த்ததோ, தலைகீழாகப் பத்திரிகை படிக்கிற கூட்டம்!

மீராலெவ்வைக் காக்கா தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்தார். நானும் சைக்கிளைத் தள்ளியபடி கூடப் போனேன். ஒரு கடை முதலாளி வாசலில் நின்று அந்தக் கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“என்ன மாஸ்டர், கலீல் வெண்டுட்டாராமே? வண்டிக்காரன்தான் தூங்கினதாம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா என் கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போனார்.

“உடுங்க மாஸ்டர். எத்தின கடையில ஏறி எறங்கிக் கதைக்கிற? நான் ஒத்த ஆள்.”

“வழக்கு வெண்டது நீங்கதானே காக்கா!”

“ஓம் மாஸ்டர்... அது கோட்டுக்குள்ள.”