ஒருசந்தியும் மூன்றடிக் குடலும்

வியாகுலமேரிக்குச் சிறுகுடலில் மிஞ்சியது மூன்றடிதான். கடலூர் முதுநகரில் கருவாட்டுக் கூடையோடு நாளெல்லாம் நடந்த மனுஷி. தை மாதம் குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப்போனதில், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மீதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கழுத்துக் குழாய் வழியாக ஏறும் டிரிப்தான் சோறு. அந்தக் குழாயில் கிருமி ஏறி இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது முறை வந்தால் தாங்குவாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழாயை எடுத்தாக வேண்டும். அதற்கு மிஞ்சிய குடல் தேறியாக வேண்டும்.

"டர்க்கி டவல்ல நூல் நிக்கிதில்ல, அதுமாதிரி குடலுக்குள்ள முளைங்க இருக்கும்மா," என்றார் டாக்டர் சந்திரலேகா. "சாப்பாடு பட்டாதான் குடல் ஒரு ஹார்மோன சுரக்கும். அது சுரந்தாதான் முளைங்க நீளும். டிரிப்பு ஒடம்பக் காப்பாத்தும், குடல வளக்காது. ஆறு வேளை, கொஞ்சங் கொஞ்சமா சாப்புடணும்."

தலையை ஆட்டினாள். ஆனால் தவக்காலம் பிறந்ததும் மனசுக்குள் ஒரு நேர்ச்சை போட்டாள்: குழாய் கழண்டா போதும் மாதாவே, ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி இருக்கேன். ஒருவேளைக் கஞ்சி மட்டும் குடித்தாள். மற்ற ஐந்தையும் யாரும் பார்க்காமல் வார்டு வாஷ்பேசினில் கொட்டினாள். டிரிப்தான் ஏறுகிறதே, என்ன கெட்டுவிடும்? உண்மையைச் சொன்னால், சாப்பிட்டபோதெல்லாம் கக்கூசுக்கு ஓட வேண்டியிருந்தது. நேர்ச்சை அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. பக்தியோடு பயமும் சேர்ந்துகொண்டால் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்!

புனித வாரத்தில் டிரிப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் மூத்திரம் வற்றி, தலை சுற்றிக் கட்டிலில் சாய்ந்தாள். டிரிப் பழையபடி ஏறியது.

"ஆறு வேளை சாப்புட்ட குடல் இப்படி இருக்காதே," என்று டாக்டர் குனிந்து கேட்டார். "நெசமா சாப்புட்டியாம்மா?"

பக்கத்தில் நின்ற புருஷன் ஜோசப்ராஜின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"பாவி, மாதா கேட்டாளாடி ஒன்கிட்ட பட்டினி?" என்று கத்தியவன், அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதான். "குழாய எடுக்கணும்னு வேண்டிக்கிட்டு, அத நீயேல்ல புடிச்சு வெச்சிருக்க!"

மறுநாள் பெரிய வெள்ளி. ஊரே ஒருசந்தி. பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு ஜோசப்ராஜ் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, சரியாக மூன்று மணிக்கு இட்லி டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். கர்த்தர் உயிர்விட்ட அந்த நேரத்தில் அவள் பிறந்ததிலிருந்து எதையும் தின்றதில்லை.

"நேந்துக்கிட்டத மீறுனா பாவம் இல்லியாங்க?"

"பாவம்னா எனக்கு வரட்டும். ஒனக்கும் சேத்து நான் ஒருசந்தி இருக்கேன். நீ துன்னு."

ஒரு விள்ளலை மென்று விழுங்கினாள். கால்மணி நேரத்தில் வயிறு கடமுடவென்றது. டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கக்கூசுக்கு ஓடினாள். திரும்பி வந்து, முகம் கழுவி, அடுத்த விள்ளலை எடுத்தாள்.