மோரில் கிடந்த வெள்ளை முடி

சின்னம்மா வந்து இறங்கிய வண்டியில் ஒரு சாக்குப்பை கத்திக்கொண்டிருந்தது. என் அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து அப்பா எருமப்பட்டியில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த நாள் அது. எனக்கு அப்போது எட்டு வயது. புதுப்பெண்ணோடு பண்ட பாத்திரம் வரும், கன்றுக்குட்டி வரும். பூனை வந்து யாரும் பார்த்ததில்லை. சாக்கின் வாயை அவிழ்த்ததும் வெள்ளை வெளேரென்று ஒன்று வெளியே வந்து, கூடியிருந்த சனத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவள் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பெயர் வெள்ளச்சி. எங்களோடேயே இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, "நல்ல சகுனந்தான் போ" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்குச் சகுனமெல்லாம் தெரியாது. அந்தப் பூனையைப் பார்த்த முதல் நிமிஷமே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சின்னம்மாவை அம்மா என்று கூப்பிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். வந்த மறுநாளே அவள் என் சிக்குப் பிடித்த தலையைப் பார்த்துவிட்டு, "வா சாமி, தலை வாரி உடறேன்" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டேன். நாலாவது தடவை கூப்பிடுவாள், அப்போது போனால் போகிறதென்று போய் உட்காரலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. வீம்பு பிடிக்கிற பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள். வேறு வழியில்லாமல் அத்தையிடம் தலையைக் கொடுத்து, அவள் வறட் வறட்டென்று இழுப்பதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்ததும் வெள்ளச்சிக்கு முடி கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நஞ்சமல்ல. பாயில் முடி, தலையணையில் முடி, அப்பாவின் வேட்டியில் முடி. பூனை முடி வயிற்றுக்குள் போனால் மூச்சு இழுப்பு வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பிய விஷயம். "பச்சப்புள்ள இருக்கற ஊடு. இழுப்பு வந்தா ஆரு பாக்கறது?" என்று என்னைச் சாக்காக வைத்து அத்தை தினமும் கரித்துக் கொட்டினாள். ஒரு நாள் அப்பாவின் சோற்றிலேயே ஒரு முடி அகப்பட்டது. அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. "இன்னொருக்கா சோத்துல பாத்தா, சாக்குல கட்டி எருமப்பட்டிக்கே கொண்டுபோயி உட்டுருவேன்" என்றார். "இனி உழுகாதுங்க" என்றாள் சின்னம்மா.

சொன்னபடி செய்தும் காட்டினாள். தினமும் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்காருவாள். பூனை மடியில் ஏறிக்கொள்ளும். முதலில் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீவுவாள். உதிரக் காத்திருக்கும் முடியெல்லாம் ஈரக் கையோடு வந்துவிடும். அப்புறம்தான் பேன்சீப்பு. வயிற்றுப் பக்கத்துச் சிக்கை விரலால் பிரித்துவிட்ட பிறகே அங்கே சீப்புப் போகும். சீப்பில் வந்த முடியை, பெண்கள் தங்கள் தலைமுடியைச் செய்வதுபோலவே, ஆள்காட்டி விரலில் சுற்றி ஒரு சின்ன வளையமாக்கிக் கூரை ஓலையில் செருகிவைப்பாள். கருவாட்டுத் தலையும் முட்டைக் கருவும் தனியாக எடுத்துவைத்துக் கொடுத்தாள். வீட்டுக்குள் முடி விழுவது நாளுக்கு நாள் குறைந்தது. அத்தைக்கே பேச்சு அடங்கிவிட்டது.

எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரிவிடும்போது அவள் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். எருமப்பட்டியில் தன் தம்பி என்ன செய்வான், எந்த மாடு சினையாக இருந்தது, எல்லாம் அதனிடம் சொல்லுவாள். பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்த ஒரே உயிர் அதுதான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு பூனைமேல் பொறாமைப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். அது எனக்குப் பூனையாகவே தெரியவில்லை. என் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட இன்னொரு பெண்ணாகத்தான் தெரிந்தது.

வைகாசியில் ஒரு நாள் அப்பா தோட்டத்திலிருந்து சாப்பிட வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கூரையிலிருந்து ஒரு முடி வளையத்தை உருவி, அவருக்கு எடுத்துவைத்திருந்த மோர்ச் சொம்பில் போட்டேன். கம்மஞ்சோற்றில் மோரை ஊற்றினார். வளையம் சோற்றின்மேல் விழுந்தது. அப்பா சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிட்டார். சின்னம்மா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். உதிர்கிற முடி ஒற்றை ஒற்றையாக விழும்; தானாக விரலில் சுற்றிக்கொண்டு வளையமாகாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கூரையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "என்ற கையில ஒட்டிக்கிட்டு வந்துருக்குமுங்க. என்ற தப்புத்தானுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா வண்டி பூட்டினார். மூச்சு முட்டாதபடி சாக்கின் வாயை அவளே தளர்த்திக் கட்டிக் கொடுத்தாள். வண்டி வேலியைத் தாண்டும் வரை நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நாலாவது தடவையாக, "வா சாமி" என்று கூப்பிட்டாள். ஓடிப்போய் உட்கார்ந்தேன். கையை நனைத்துத் தலையை நீவினாள், விரலால் சிக்குப் பிரித்தாள், வலிக்காமல் வாரினாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லுவாள் என்று கடைசிவரை காத்திருந்தேன். அந்த வாரமே அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. என்னை ஒரு குறையில்லாமல் வளர்த்துச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறம் வேறு பூனை வளர்க்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மோருல போட்டது நீதான்னு எனக்குத் தெரியுஞ் சாமி. ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா, வெள்ளச்சியையும் உன்னையும் ரெண்டு பேத்தையும் மடியில வெச்சிருப்பனே."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். நாலைந்து நாளில் அவள் போய்விட்டாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அவளை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கும் அவள் வாயில் முதலில் வந்தது பூனையின் பெயர்தான்.